சிவப்பு மண்ணில் ஒரு பொலிஸ்காரன்

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்தால் தொலைக்காட்சியில் ஒரு பிணம் விழவேண்டும். மனைவிக்குப் பிடித்தது அயர்லாந்து, ஸ்கொட்லாந்துப் பக்கத்து நாட்டுப்புறக் கொலைக்கதைகள். எப்போதும் தூறல். கல் வேலி போட்ட பச்சை வயல், நனைந்த ஆடுகள், ஊருக்கு ஒரு பப், ஒரு பாதிரியார், இருபது வருசத்துக்கு முன் காணாமல்போன ஒரு பெட்டை. கடைசியில் பார்த்தால் பாதிரியாருக்கு எல்லாம் முதலே தெரிந்திருக்கும். "இந்தக் குளிருக்குள்ள இதுகளுக்குக் கொலை செய்ய எப்பிடி மனம் வருது" என்று சொல்லிக்கொண்டே அடுத்த பகுதியையும் போடுவாள்.

நாங்கள் இருக்கிற நாட்டுக்கும் ஒரு நாட்டுப்புறம் இருக்கிறது. ஆனால் சிட்னித் தமிழருக்கு அவுஸ்திரேலியா என்பது கடலை ஒட்டிய ஒரு கீற்றுத்தான். பெண்டில் ஹில், ரூங்காபி, ஹோம்புஷ். கோயிலென்றால் மேஸ் ஹில், ஹெலன்ஸ்பேர்க். லீவு விட்டால் புளூ மவுண்டன்ஸ். மலையைத் தாண்டத் துணிந்தவர்கள் டப்போ மிருகக்காட்சிச்சாலை வரை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அதற்கப்பால் உள்ளது, சிங்கப்பூர் விமானத்தில் ஜன்னலோரம் இருந்தால் மணிக்கணக்காகக் கீழே ஓடும் சிவப்பு நிறம் மட்டுமே. அந்தச் சிவப்புக்குள் என்னை இறக்கிவிட்டது 'மிஸ்டரி றோட்'.

முதலில் அது சினிமா. 2013இல் ஐவன் சென் எடுத்தார். எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை எல்லாம் அவரே. எங்கள் டி. ராஜேந்தர் மாதிரி என்று சொன்னால் இரண்டு பேரின் ரசிகர்களும் என்னை அடிக்க வருவார்கள். சென்னின் தாய்வழி கமிலராய் பழங்குடி. நியூ சவுத் வேல்ஸ் வடக்கின் சிறு நகரங்களில் வளர்ந்தவர். 2016இல் 'கோல்ட்ஸ்டோன்' என்று இரண்டாவது படம். அதற்குப் பிறகு ஏபிசி தொலைக்காட்சி இதைத் தொடராக்கியது. 2018இல் ஆறு பகுதிகள், 2020இல் இன்னும் ஆறு. 2022இல் 'ஒரிஜின்' என்ற பெயரில், கதாநாயகனின் இளமைக்கே திரும்பி, 1999இல் நடக்கும் ஒரு கதை.

கதாநாயகன் ஜே ஸ்வான், துப்பறியும் பொலிஸ். பழங்குடி மனிதர். அலிஸ் ஸ்பிரிங்ஸில் பிறந்த ஆரன் பீடர்சன் நடித்திருக்கிறார். தலையில் கௌபோய் தொப்பி, இடுப்பில் துவக்கு, வாயில் சொல் இல்லை. ஒரு கேள்வி கேட்பார், பிறகு நிற்பார். எதிரில் இருப்பவர் பொய் சொல்லி, அதைத் திருத்தி, பிறகு தானாகவே பாதி உண்மையைச் சொல்லும்வரை நிற்பார். குடும்பம் குலைந்த ஆள். மகளோடு சமாதானம் இல்லை. வெள்ளைப் பொலிஸ்காரர் அவரைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். சொந்தச் சனமோ அவரைக் கண்டதும் கதவைச் சாத்தும்.

முதல் தொடரின் கதையைப் பாதியோடு நிறுத்திக்கொள்கிறேன். பட்டர்சன் என்ற கற்பனை ஊர். மாட்டுப்பண்ணை ஒன்றில் வேலை செய்த இரண்டு இளைஞர்களைக் காணவில்லை. ஒருவன் ஊரின் பழங்குடிப் பொடியன், கால்பந்தில் பேர் எடுத்தவன். மற்றவன் முதுகுப்பையோடு ஊர்சுற்ற வந்த வெள்ளைப் பொடியன். ஊர்ப் பொலிசுக்குப் பொறுப்பானவர் எம்மா ஜேம்ஸ். அது ஜூடி டேவிஸ். அந்தப் பண்ணையே அவரது குடும்பத்துப் பண்ணை. இனி என்ன நடக்கும் என்று நீங்கள் ஊகிப்பீர்கள். ஊகிப்பதில் பாதி சரியாகவும் இருக்கும்.

இங்கே ஒரு பண்ணையின் அளவைச் சொல்லாமல் போனால் கதை விளங்காது. தென் அவுஸ்திரேலியாவிலுள்ள அன்னா கிரீக் என்ற மாட்டுப்பண்ணை 15,000 சதுர கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாண மாவட்டம் முழுவதும் ஏறக்குறைய ஆயிரம். ஒரு முதலாளியின் வேலிக்குள் பதினைந்து யாழ்ப்பாணம். அவ்வளவு நிலத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் உயிர், அங்கேதான் சண்டை. எங்கள் ஊரில் கிணற்றுப் பங்குக்கும் எல்லை வேலிக்கும் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்குப் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தமிழில் நாட்டுப்புறக் குற்றத் தொடர்களும் இப்போது நன்றாகத்தான் வருகின்றன. 2022இல் வந்த 'சுழல்' ஒரு சிமென்ட் தொழிற்சாலை, ஒரு தீ விபத்து, காணாமல்போன பெட்டை என்று தொடங்கி, மயானக் கொள்ளைத் திருவிழாவின் நடுவே கதையை நடத்தியது. அதே வருசம் 'விலங்கு' ஒரு பொலிஸ் நிலையத்துக்குள்ளேயே எங்களை இருத்திவைத்தது. இவற்றில் இரகசியம் ஒளிந்திருப்பது சனத்துக்குள். தேர் இழுக்கிற கூட்டம், தேத்தண்ணிக் கடைப் பேச்சு, எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்த தெரு. ஆயிரம் கண் பார்த்தும் ஒருத்தரும் வாய் திறக்காத ஊர். 'மிஸ்டரி றோட்' நேர்மாறு. அங்கே பார்க்க ஒரு கண்ணும் இல்லை. மேலே வானத்திலிருந்து கீழே பார்க்கும் காட்சிகள் சென்னின் கைமுத்திரை, தொடரிலும் அது தொடர்கிறது. கோடு போட்டதுபோல ஒரு மண் றோட், அதில் எறும்பளவு ஒரு கார். அந்தக் காருக்குள் இருப்பவரை யாராவது அடித்துப் போட்டால் யார் வந்து தேடுவது?

அது வெறும் பயமுறுத்தல் அல்ல. இந்த வெட்டவெளி கொலையை மறைத்த வரலாறு நிறைய. அதில் ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது.

ஜே ஸ்வானுக்கு ஒரு மூதாதை உண்டு. ஆர்தர் அப்ஃபீல்ட் என்ற எழுத்தாளர் 1929இல் தொடங்கி ஒரு துப்பறியும் நாவல் வரிசை எழுதினார். நாயகன் இன்ஸ்பெக்டர் நெப்போலியன் போனபார்ட், சுருக்கமாக போனி. வெள்ளைத் தகப்பனுக்கும் பழங்குடித் தாய்க்கும் பிறந்தவர். காலடி பார்த்தே கதை சொல்லக்கூடியவர். உலகமெங்கும் விற்ற புத்தகங்கள். 1972இல் இதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது போனியாக நடித்தவர் ஜேம்ஸ் லோரன்சன், நியூசிலாந்து வெள்ளையர். முகத்துக்குக் கறுப்பு மை பூசி நடிக்க விட்டார்கள். அப்போது பழங்குடி நடிகர் ஒருவரும் கிடைக்கவில்லை என்று சொன்னால் நம்ப நான் தயாரில்லை. டேவிட் குல்பிலில் 1971இல் 'வோக்கபவுட்' படத்தில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்திருந்தார்.

அப்ஃபீல்ட் இந்தக் கதைகளை யோசித்த இடம் மேற்கு அவுஸ்திரேலியாவின் முயல் வேலி. முயல்கள் பயிர் நிலத்துக்குள் வராமலிருக்க, வடக்குக் கடலிலிருந்து தெற்குக் கடல்வரை போட்ட வேலி. அதைக் காவல் காக்கிற வேலை அவருக்கு. ஒரு மனித உடலை அடையாளமே இல்லாமல் அழிப்பது எப்படி என்று கூட இருந்தவர்களிடம் நாவலுக்காக யோசனை கேட்டார். ஒருவர் சொன்னார்: எரி, சாம்பலைச் சல்லடையில் சலி, மிஞ்சும் எலும்பை இடி, உலோகம் கிடந்தால் அமிலத்தில் கரை. அருமையான யோசனை. எவ்வளவு அருமை என்றால் துப்பறிபவர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று எழுத்தாளருக்கே வழி தெரியவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஸ்னோவி ரோல்ஸ் என்பவனும் ஒருவன். கொஞ்சக் காலத்தில் மெர்ச்சிசன் பகுதியில் மூன்று ஆண்கள் காணாமல் போனார்கள். மூன்றாவது ஆளின் சாம்பலைச் சலிப்பதில் அவன் சோம்பல்பட்டுவிட்டான். ஒரு கலியாண மோதிரம் கிடைத்தது. நியூசிலாந்தில் ஒரு நகைக்கடையில் அதை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அந்த ஒட்டுத்தான் காட்டிக்கொடுத்தது. அப்ஃபீல்ட் கோர்ட்டில் சாட்சி சொன்னார். நாவல் 1931இல் வெளிவந்தது. ரோல்ஸை 1932இல் ஃபிரிமாண்டில் சிறையில் தூக்கில் போட்டார்கள்.

இந்தக் கதையை இங்கே ஒரு சுவையான துணுக்காகத்தான் எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதன் பக்கத்தில் இன்னொன்றை வையுங்கள்.

'மிஸ்டரி றோட்' முதல் தொடரைப் படமாக்கியது கிம்பர்லிப் பகுதியில், குனனாரா, விண்டம் நகரங்களை ஒட்டி. அந்த விண்டத்திலிருந்து 1926 ஜூனில் ஒரு பொலிஸ் அணி குதிரையில் புறப்பட்டது. ஒரு பண்ணைக்காரனை ஈட்டியால் குத்திக் கொன்றவனைப் பிடிக்கப் போவதாகச் சொல்லித்தான் போனார்கள். ஃபொறெஸ்ட் றிவர் பக்கம் பழங்குடிச் சனத்தைச் சுட்டுப் போட்டு எரித்ததாக மிஷன் பாதிரியார் ஏர்னெஸ்ட் கிரிபிள் முறையிட்டார். 1927இல் விசாரணை ஆணையம் இருந்தது. 11 பேர் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள் என்று அது முடிவு செய்தது. இரண்டு கான்ஸ்டபிள்களைப் பிடித்தார்கள். ஜூரியின் முன் கொண்டுபோகச் சாட்சியம் போதாது என்று மாஜிஸ்திரேட் விட்டுவிட்டார். ஒருவருக்கும் தண்டனை இல்லை.

இரண்டும் ஒரே மாநிலம், ஐந்தாறு வருச இடைவெளி, இரண்டிலும் எரித்த சாம்பல். ஒன்றில் ஒரு மோதிரம் போதுமாக இருந்தது. இந்தப் 11 பேரிடம் நகைக்கடைக்காரர் ஒட்டிக் கொடுத்த மோதிரம் எங்கே இருக்கப் போகிறது?

இதைப் படித்த பிறகு ஜே ஸ்வான் நடக்கும் மண்ணை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். சென்னின் முதல் படத்தில் பழங்குடிச் சிறுமியின் உடல் கிடக்கும் ஓடைக்குப் பேரே 'மசகர் கிரீக்', படுகொலை ஓடை. பாத்திரங்கள் ஏதோ சந்தியின் பேரைச் சொல்வதுபோல அதைச் சொல்லிவிட்டுக் கடந்து போகின்றன. கொஞ்சம் மிகையாக இல்லையா என்று முதலில் நினைத்தேன். குயின்ஸ்லாந்தில் நூசாவுக்குப் போகிற வழியில் 'மெர்டரிங் கிரீக் றோட்' என்று நிஜமாகவே பலகை இருக்கிறது. கடற்கரைக்குப் போகிறவர்கள் அதில் திரும்பிப் போகிறார்கள்.

பழங்குடி மனிதர் பொலிசில் இருப்பதும் புதிதல்ல. காலடி பார்ப்பவர்களாக, வழிகாட்டிகளாக, நூறு வருசத்துக்கு மேல் அவர்களைப் பொலிஸ் பயன்படுத்தியது. காட்டில் தொலைந்த வெள்ளைக் குழந்தைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். பல இடங்களில் சொந்தச் சனத்தைத் தேடிப் பிடிக்கக் கூட்டிச் சென்றதும் அவர்களைத்தான். ஜே ஸ்வானின் சட்டைப் பையிலுள்ள பொலிஸ் அடையாளத்துக்குள் இந்த இரண்டும் இருக்கின்றன. ஊர்ச் சனம் அவரைக் கண்டு கதவைச் சாத்தும்போது அவர்கள் சாத்துவது அவருக்கு மட்டுமல்ல.

இது எனக்கு ஏன் உடனே விளங்கியது என்றால், நான் வந்த ஊர் அப்படி. யாழ்ப்பாணத்தில் காக்கிச் சட்டை போட்ட தமிழன் என்றால் ஒரு காலத்தில் கௌரவம்: அரசாங்க உத்தியோகம், நல்ல சீதனம். எழுபதுகளின் முடிவுக்குள் எல்லாம் மாறிவிட்டது. 1978 ஏப்ரலில் இன்ஸ்பெக்டர் பஸ்தியாம்பிள்ளையும் கூடப் போனவர்களும் முருங்கன் பக்கத்துக் காட்டுக்குள் கொல்லப்பட்டார்கள். அவரைச் சித்திரவதைக்காரர் என்று சொன்னவர்கள் உண்டு, கடமையைச் செய்தவர் என்று சொன்னவர்களும் உண்டு. எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இரண்டு கட்சியும் இருந்தது. அதற்குப் பிறகு தமிழ்ப் பொலிஸ்காரர் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போக எங்களை விடவில்லை. அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள், யாரோடு விளையாடினார்கள் என்று யோசிக்க எனக்கு ஐம்பது வயதாகி, ஆரன் பீடர்சன் ஒரு வாசற்படியில் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க வேண்டியிருந்தது.

முதல் தொடரை இயக்கியவர் ரேச்சல் பெர்க்கின்ஸ். அவரது தகப்பன் சார்ல்ஸ் பெர்க்கின்ஸ். 1965 பெப்ரவரியில் சிட்னிப் பல்கலைக்கழக மாணவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நியூ சவுத் வேல்ஸின் நாட்டுப்புற நகரங்களுக்குப் போனாரே, அவர். மொறீ என்ற ஊரின் நீச்சல் குளத்தில் பழங்குடிப் பிள்ளைகளை விடமாட்டார்கள். இவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார். ஊர்ச் சனம் முட்டையும் தக்காளியும் எறிந்தது. இப்படியான தகப்பனின் மகள் ஒரு நாட்டுப்புற நகரத்தைப் படம் பிடித்தால் அஞ்சலட்டை அழகு எப்படி வரும்? கிம்பர்லியின் சிவப்பு மலை, ஆறு, அந்தி எல்லாம் கண்கொள்ளாமல் வரும். ஆனால் அந்த நிலம் ஒருபோதும் 'வெறும் நிலம்' ஆகாது. 2022இல் எஸ்பிஎஸ் தொலைக்காட்சிக்காக 'த அவுஸ்திரேலியன் வோர்ஸ்' என்று மூன்று பகுதி ஆவணப்படமும் அவர் எடுத்தார். குற்றத் தொடரில் சாடையாகச் சொன்னதை அதில் உடைத்துச் சொல்லியிருக்கிறார்.

குறை இல்லையா? இருக்கிறது. ஆறு பகுதியில் ஐந்து, ஆற்றுத் தண்ணீர் மாதிரி நிதானமாகப் போகும். ஆறாவதில் எல்லாருக்கும் துவக்கு கிடைத்துவிடும். இரண்டாவது தொடரில் இது இன்னும் மோசம். அதில் வரும் தொல்லியல் அகழாய்வுக் கதையை எனக்கு நிறையப் பிடித்தது. தோண்டுகிறவர் சோஃபியா ஹெலின், 'த பிரிட்ஜ்' தொடரில் பார்த்திருப்பீர்கள். அறிவுக்காகத் தோண்டுகிறேன் என்கிறார் அவர். எங்கள் ஆட்களின் எலும்பை எங்களைக் கேட்காமல் எடுக்காதே என்கிறது ஊர். அதை வைத்தே முழுத் தொடரும் எடுத்திருக்கலாம். போதைப்பொருள் கடத்தலுக்கு ஓடியிருக்கத் தேவையில்லை.

இதே குடும்பத்துக் கதை என்று நான் சொல்லும் இன்னொன்று 'பிளாக் ஸ்னோ'. 2023இல் ஸ்டான் தளத்தில் வந்தது. வடக்குக் குயின்ஸ்லாந்தின் கரும்பு ஊர். 1994இல் 17 வயதுப் பெட்டை கொல்லப்படுகிறாள். 2019இல் பள்ளிக்கூடம் புதைத்து வைத்த பெட்டியைத் திறந்தபோது அவள் எழுதிய கடிதம் வெளியே வருகிறது. அந்தப் பெட்டை, தென்கடல் தீவார் வம்சம். 1863இலிருந்து நாற்பது வருசம், வனுவாட்டு, சொலமன் தீவுகளிலிருந்து ஏறக்குறைய 62,000 பேரைக் கரும்பு வெட்டக் கப்பலில் கொண்டுவந்தார்கள். சிலர் ஒப்பந்தத்தில், சிலர் ஏமாற்றப்பட்டு, சிலர் கடத்தப்பட்டு. 1901இல் சட்டம் போட்டு, வேலை முடிந்தது போங்கள் என்று பெரும்பாலானோரைத் திருப்பி அனுப்பினார்கள். மலையகத்துக் கதை தெரிந்தவருக்கு இதில் எந்த வரியும் புதிதாக இராது. காட்டை வெட்டித் தேயிலை வைக்கக் கூட்டிவந்து, 1964இல் கொழும்பும் டெல்லியும் உட்கார்ந்து ஆளெண்ணிப் பிரித்த சனம் மலையகத் தமிழர். குயின்ஸ்லாந்துச் சீனி போட்டு இலங்கைத் தேத்தண்ணி குடிக்கிற நாங்கள் இரண்டு கணக்கிலும் வருகிறோம்.

இதெல்லாம் சொன்னபோது ஒரு நண்பர் கேட்டார், "அப்ப நாட்டுப்புறத்து வெள்ளைகள் எல்லாம் அப்பிடியோ?" இல்லை. 2018 மார்ச்சில் விடியப்புறம் ஒரு தமிழ் அகதிக் குடும்பத்தை பிலோயெலாவிலிருந்து அதிகாரிகள் தூக்கிக்கொண்டு போனபோது, நான்கு வருசம் விடாமல் நின்று 2022 ஜூனில் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்தது அந்தக் குயின்ஸ்லாந்து நாட்டுப்புற நகரத்துச் சனம்தான். சிட்னியிலிருந்து நாங்கள் கையெழுத்துப் போட்டோம். அவர்கள் வீடு பார்த்து வைத்தார்கள். நாட்டுப்புற ஆஸ்பத்திரிகளில் எங்கள் டொக்டர்மார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஊர் தங்களைத் தாங்கியதைக் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் அதே டொக்டர்மாரிடம் ஊரின் பழைய கதை ஏதாவது தெரியுமா என்று கேளுங்கள். என் மச்சான் ஒருவர் மேற்கே ஒரு சிறு நகரத்தில் வேலை செய்கிறார். அவர் சொன்னது, "அதுகளை ஒருத்தரும் கதைக்கமாட்டினம். நானும் கேக்கிறேல்லை." தொடர்களில் அவரைப்போல ஒரு பாத்திரம் இன்னும் வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும். எல்லார் உடம்பையும் பார்த்து, ஒன்றும் கேளாமல் இருக்கிற ஆள்.

தொடரில் கடைசிப் பகுதியில் ஆள் பிடிபடுவான் என்று தெரியும். பவ்ராவிலில் அப்படி நடக்கவில்லை. நியூ சவுத் வேல்ஸின் வடகரையில் உள்ள சிறிய ஊர் அது. 1990 செப்டம்பருக்கும் 1991 பெப்ரவரிக்கும் இடையில் மூன்று பழங்குடிப் பிள்ளைகள், கிட்டத்தட்ட ஒரே தெருவிலிருந்து காணாமல் போனார்கள். பெற்றோர் பொலிசுக்குப் போனபோது, எங்காவது ஊர்சுற்றப் போயிருப்பார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆரம்ப நாட்களில் தேட வேண்டியதைத் தேடவில்லை. குடும்பங்கள் வருசக்கணக்காகப் பாராளுமன்ற வாசலில் நின்றன. ஒருமுறை விடுதலையானவரை மறுபடி விசாரிக்க விடாத சட்டத்தையே மாற்ற வைத்தார்கள். 2018 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுவிசாரணைக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது. இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை.

ஐவன் சென்னின் 'லிம்போ' அந்த உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது. 2023இல் பேர்லின் விழாப் போட்டியில் ஓடிய படம். வெயில் தாங்காமல் சனம் நிலத்துக்குக் கீழே குடைந்து வாழும் ஓபல் சுரங்க ஊரான கூபர் பீடியில் எடுத்தது. முழுவதும் கறுப்பு வெள்ளை. இருபது வருசத்துக்கு முன் காணாமல்போன பழங்குடிச் சிறுமியின் கோப்பைத் தூசி தட்ட ஒரு வெள்ளைப் பொலிஸ்காரர் வருகிறார். 'மென்டலிஸ்ட்' தொடரில் சிரித்துச் சிரித்தே கொலைகாரர்களைப் பிடித்த சைமன் பேக்கர்தான் அவர். ஆளே தெரியாமல் மாறியிருக்கிறார். இதில் விலங்கு மாட்டும் காட்சி கிடையாது.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு: 2018 தொடரோடு தொடங்குங்கள். பிறகு 'ஒரிஜின்'. மார்க் கோல்ஸ் ஸ்மித், பீடர்சனைப் பார்த்து நடிக்காமல், அந்த மனிதர் இன்னும் கல்லாகாத வயதை நடித்திருக்கிறார். இரண்டாவது தொடரை நேரமிருந்தால் பாருங்கள். சினிமா இரண்டில் 'கோல்ட்ஸ்டோன்' படத்துக்கே என் ஓட்டு. 'லிம்போ'வைக் கடைசிக்கு வையுங்கள். எடுத்தவுடன் பார்த்தால் மற்றவற்றில் வரும் கைதுகளை உங்களால் நம்பமுடியாமல் போகும்.